கிழமைக்கு ஒருக்கா தப்புக் காய்ச்சுறோம்

நோர்வூட் டவுனில் பஸ்ஸுக்கு நிற்கும்போதோ கடையில் சாமான் வாங்கும்போதோ யாராவது கேட்டுவிடுகிறார்கள்: "ஞாயித்துக்கிழமை அந்தியானா ஒங்க மடுவத்துல தப்புச் சத்தம் கேக்குதே, யாருங்க செத்தது?"

யாரும் சாகவில்லை. சாமி அழைக்கவும் இல்லை, எந்தக் கட்சிக்காரரையும் மாலை போட்டு வரவேற்கவும் இல்லை. கிழமைக்கு ஒருக்கா கூடுகிறோம். தப்படிக்கிறோம், தெரிந்த பாட்டைப் பாடுகிறோம், தேத்தண்ணி குடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறோம். கேட்கிறவர்களுக்கு இந்தப் பதில் போதுவதில்லை. "அப்ப எதுக்கு?" என்று முகத்தைப் பார்க்கிறார்கள். பொகவந்தலாவைப் பக்கமிருந்தும் மஸ்கெலியாப் பக்கமிருந்தும் சில பிள்ளைகள், தங்கள் தோட்டத்திலும் இப்படி ஒன்று தொடங்க வேண்டும், எப்படி நடத்துகிறீர்கள் என்று எழுதச் சொன்னார்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்துத்தான் இந்த நீண்ட பதிவு.

விழா இருக்கிறது, பழக்கம் இல்லை

மலையகத்தில் தப்புக்கு மேடை இல்லை என்று சொல்ல முடியாது. பாடசாலைக் கலை விழாவில் தப்பு, சாகித்திய விழாவில் தப்பு, அமைச்சர் வந்தால் ஊர்வலத்தின் முன்னால் தப்பு. பொன்னாடை போர்த்துகிறார்கள், படம் எடுக்கிறார்கள். மறுநாள் அந்தத் தப்பு அலுமாரிக்கு மேலே ஏறிவிடும். அடுத்த விழாவுக்கு இறக்கும்போது தோல் பூஞ்சணம் பிடித்திருக்கும்.

காமன் கூத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுவோம். அன்றிலிருந்து பௌர்ணமியை ஒட்டி மதன் எரிகிற இரவு வரைக்கும் கூத்துத்தான். ரதி மதன் கல்யாணம், தூதன் வரவு, சிவன் தவம், மதன் எரிவது, ரதி புலம்புவது, வீரபத்திரன், எமன், பிறகு மதன் உயிர்பெறுவது என்று கதை போகும். நாள் கணக்கும் வேடங்களும் தோட்டத்துக்குத் தோட்டம் கொஞ்சம் மாறும். நேர்த்தி வைத்தவர்கள் காப்புக் கட்டி, விரதம் இருந்து வேடம் போடுவார்கள். பொட்டலில் எந்த வேடம் இறங்குகிறதோ அதன் நடைக்குத் தகுந்தபடி அடி மாற வேண்டும். தூதன் ஓடி வரும்போது ஒரு வேகம், ரதி அழும்போது வேறொன்று. ஆட்டக்காரர் காலைப் பார்த்து அடிக்கத் தெரியாதவர் குச்சியைப் பிடித்தால், வேடம் போட்டவர் பாதியில் நின்று முறைப்பார். முழுக் கதையும் தப்புக்காரர் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் இதில் சங்கதி.

இதையெல்லாம் பழக்க முன்பு கூத்து வாத்தியார்மார் இருந்தார்கள். கம்பம் ஊன்றுவதற்கு முன்பே ராத்திரி ராத்திரியாகப் பிள்ளைகளை நிற்க வைத்துப் பழக்குவார்கள். 1964இல் ஸ்ரீமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுப்பது என்று இரண்டு நாடும் பங்கு போட்டுக்கொண்டன. அடுத்த இருபது வருஷமும் தோட்டம் தோட்டமாகச் சனம் கப்பலுக்குப் போனது. வாத்தியார் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் போக, சிஷ்யன் இங்கே தங்கிய கதை எத்தனையோ லயத்தில் கேட்கலாம். மிஞ்சியவர்களிடம் பழக வேண்டிய இளந்தாரிகள் இப்போது கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் நிற்கிறார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார்கள். மாசியில் முதலாளி லீவு கொடுத்தால் ஒரு இரவு வருவார்கள். வந்த அன்றே தப்பைத் தோளில் போட்டு அடிப்பார்கள். வேகம் இருக்கும். நிதானம் இருக்காது. காது உள்ளவர்களுக்கு இரண்டு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

ஆகவே குறை விழாவில் இல்லை. ஒரு விழாவுக்கும் அடுத்த விழாவுக்கும் நடுவில் கை சும்மா கிடப்பதுதான் குறை.

இதற்கு மாற்று ஒன்று நம்மிடமே இருக்கிறது என்பது எனக்கு வெள்ளிக்கிழமை பஜனையில் உட்கார்ந்திருக்கும்போதுதான் உறைத்தது. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் ஒரு ஆர்மோனியம், ஒரு டோலக், ஜால்ரா. ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். ஆறு வயதுப் பிள்ளை ஜால்ராவைத் தப்பும் தவறுமாகத் தட்டும், யாரும் அதட்டுவதில்லை. பஜனை கற்றுக்கொள்ள நம்மில் எவரும் வகுப்புக்குப் போனதில்லை. கிழமைக்கிழமை உட்கார்ந்து உட்கார்ந்தே அத்தனை பாட்டும் வாயில் ஏறிவிட்டது. தப்புக்கும் இப்படி ஒரு நாள் இருந்தால் என்ன?

இடம் பிடித்த கதை

முதல் வாக்குவாதம் இடத்துக்குத்தான். கோயில் வாசலில் வைக்கலாம் என்றேன். கோயில் கமிட்டியில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. கரகம் பாலிக்கத் தப்பு வேண்டும், திருவிழாவில் சாமி இறங்கத் தப்பு வேண்டும், ஆனால் கிழமைக்கிழமை வாசலில் தப்போடு உட்கார்வது வேறு விஷயமாம். ஏன் வேறு விஷயம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இளந்தாரிகள் சிலர் டவுனில் பார் இருக்கும் பக்கமாக வைப்போம், கூட்டம் தானாகச் சேரும் என்றார்கள். கூட்டம் சேரும், சந்தேகமில்லை. ஆனால் ஒரு பெண் வரமாட்டாள், ஒரு பிள்ளை வராது. எட்டு மணிக்குப் பிறகு தப்புச் சத்தத்தை விடச் சண்டைச் சத்தம்தான் பெரிதாகக் கேட்கும். லயத்து வாசலிலும் முடியாது. ஒரு காம்பராவில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை, அடுத்த காம்பராவில் நோயாளி.

கடைசியில் கிடைத்தது மடுவம். தோட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கொழுந்து நிறுக்கும் கொட்டகை அது. தகரக் கூரை, சிமெந்துத் தரை, காற்று வர மூன்று பக்கமும் திறப்பு. மலையிலிருந்து இறங்கி வரும் பெண்கள் கூடையைச் சாய்த்து, கிலோ காணுமா, இன்றைக்குப் பேர் (முழு நாள் சம்பளம்) விழுமா, அரைப் பேரா என்று தராசையே பார்த்துக்கொண்டு நிற்கும் இடம். அந்த இடத்தில் அவர்கள் கால் நீட்டி உட்கார்ந்து பாடுவதைப் பார்க்க எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். தோட்டத் தலைவர் மூலமாக நிர்வாகத்திடம் கேட்டோம். கூட்டிக் கழுவிவிட்டுப் போவதென்றால் சரி என்றார்கள். தராசு தொங்கும் கொக்கியில் இப்போது ஞாயிறு அந்தியில் ஒரு சார்ஜ் லைட் தொங்குகிறது. கைக்காசுக் கொழுந்து (நாட்சம்பளத்துக்கு வெளியே, கிலோவுக்குக் காசு) எடுக்கும் ஞாயிறுகளில் மட்டும், நிறுத்து முடிந்து லொறி ஸ்டோருக்குப் போன பிறகுதான் ஆரம்பம்.

வெள்ளைக்காரத் தொரைமாருக்குக் கூடிக் குடிக்க, ஆட, விளையாட டிக்கோயாவில் 19ஆம் நூற்றாண்டிலேயே தரவளை கிளப் வந்துவிட்டது. அவர்கள் ஜெபிக்க வோர்லி தேவாலயம் 1878இல் எழும்பியது. நம் ஆட்களுக்குக் கூடுவதற்கு விட்டுவைக்கப்பட்டவை பெரட்டுக்களம் (காலையில் வேலைக்கு ஆள் கூடும் இடம்), மடுவம், பீலிக்கரை, சுடுகாடு. கோயிலைக்கூட நாமே கல்லெடுத்துத்தான் கட்டிக்கொண்டோம். அதனால் மடுவத்தை ஒரு அந்தி நேரத்துக்கு எங்கள் கிளப்பாக ஆக்கிக்கொண்டதில் எனக்குக் கூச்சமே இல்லை.

அயர்லாந்துக்காரர்களும் நம்மைப் போலத்தான்

தொடங்கிய கொஞ்ச நாளில், லண்டனில் இருக்கும் கூட்டாளி ஒருவன் ஒரு வீடியோ அனுப்பினான். "டேய், ஒங்க மடுவம் மாதிரியே இங்கயும் இருக்கு, பாரு" என்று. ஒரு பப். மூலையில் ஒரு மேசை. அதைச் சுற்றி ஏழெட்டுப் பேர் வயலினும் புல்லாங்குழலும் அக்கார்டியனுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். மேடை இல்லை, மைக் இல்லை. குடிக்க வந்தவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தங்களுக்குள் வாசிக்கிறார்கள். ஒருவர் ஒரு மெட்டைத் தொடங்குகிறார். தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்கிறார்கள், தெரியாதவர்கள் கிளாஸை எடுத்து ஒரு மிடறு குடித்துவிட்டுக் கேட்கிறார்கள். இதற்கு செஷன் என்று பெயர். அநேகமாக கிழமைக்கு ஒரு நாள், அதே பப், அதே மேசை.

இதைப் பற்றித் தேடிப் படித்தபோது ஒரு விஷயம் என்னைப் பிடித்து நிறுத்தியது. பப்பில் கூடி வாசிப்பது அயர்லாந்தில் ஆதிகாலம் தொட்டு வந்த வழக்கம் இல்லையாம். பழைய நாளில் அங்கே வீடுகளிலும் நாற்சந்திகளிலும்தான் ஆட்டமும் பாட்டும். 1935இல் பொது நடன மண்டபச் சட்டம் என்று ஒன்று வந்தது. லைசன்ஸ் இல்லாமல் ஆட்டம் வைக்கக் கூடாது என்றது அது. பாதிரிமாரும் பொலிஸும் அதைப் பிடித்துக்கொள்ள, வீட்டு ஆட்டங்கள் ஒடுங்கிப்போயின. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கூலி வேலைக்கு லண்டன் போன அயர்லாந்துக்காரர்கள், வாடகை அறையில் வாசிக்க இடமில்லாமல், கென்டிஷ் டவுன், கெம்டன் டவுன் பக்கத்துப் பப்களில் கூடி வாசிக்கத் தொடங்கினார்கள். ரோடு போடவும் கட்டடம் எழுப்பவும் போன ஆட்கள் அவர்கள். 1951இல் கோல்டஸ் என்ற இசைச் சங்கம் உண்டாகி, வருஷத் திருவிழாக்களும் நடந்து, ஊரிலும் இந்தப் பழக்கம் வேர் பிடித்தது.

பிழைக்கப் போன இடத்தில், இடமில்லாத சனம் கண்டுபிடித்த வழி அது. அந்த வகையில் அவர்கள் நமக்குச் சொந்தக்காரர்கள்தான். அவர்களிடம் பௌரான் என்றொரு கருவி உண்டு. மரச் சட்டத்தில் ஆட்டுத்தோல் இழுத்துக் கட்டியது. நம் தப்புக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஈரக் காற்றுப் பட்டால் அதுவும் தளர்ந்துவிடும். ஒரு செஷனில் ஒரு பௌரானுக்கு மேல் வேண்டாம் என்று அவர்களுக்குள் ஒரு எழுதாத விதி வேறு. தோல் கருவி கூடினால் மெட்டு மூழ்கிவிடும் என்ற பயம்.

அவர்களுக்கு இன்னொரு அதிர்ஷ்டமும் இருந்தது. பிரான்சிஸ் ஓ'நீல் என்ற அயர்லாந்துக்காரர் அமெரிக்காவுக்குப் போய் சிக்காகோவில் பொலிஸ் தலைவராக இருந்தார். ஊர்க்காரர்களைத் தேடிப் பிடித்து, வாசிக்கச் சொல்லி, 1,850 மெட்டுகளை 1903இல் புத்தகமாகப் போட்டார். நம்மிடம் பாட்டுக்கு அப்படி ஒருவர் இருந்தார். வட்டகொடை மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை. தோட்டத்துப் பாட்டுகளைத் திரட்டிப் புத்தகமாகத் தொகுத்தார். சொல் அப்படிப் பிழைத்துக்கொள்ளும். தப்படியைக் காகிதத்தில் எழுதி வைத்தாலும் கை வராது. கைக்குப் பக்கத்தில் கை இருந்தால்தான் வரும்.

காய்ச்சுகிற நேரத்தில்தான் பாட்டு

இனி எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். தப்புக் காய்ச்சுவதிலிருந்து தொடங்க வேண்டும். மற்றதெல்லாம் அதை ஒட்டித்தான் அமைந்தது.

எங்கள் பக்கத்து மழை உங்களுக்குத் தெரியும். மே மாதம் பிடித்தால் காசல்ரீ நீர்த்தேக்கம் நிரம்பி வழிகிற வரை விடாது. அந்த ஈரத்தில் தப்பு "தொப் தொப்" என்று நனைந்த கம்பளி மாதிரி இருக்கும். மடுவத்துக்கு வெளியே கூரைத் தாழ்வாரத்தின் கீழ், கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து எடுத்து வந்து காய வைத்த மிலாறைக் குவித்து, மேலே மானாப்புல் போட்டுக் கொளுத்துவோம். மிலாறு நின்று எரியும், மானா சட்டென்று சுவாலை கொடுக்கும். தப்பின் முகத்தைச் சுவாலைக்குக் காட்டிச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஓரிடத்தில் நிறுத்தினால் தோல் பொசுங்கும். விளிம்பில் சூடு கூடினால் புளியங்கொட்டைப் பசை விட்டுவிடும். இடையிடையே விரல் முட்டியால் தட்டிப் பார்க்க வேண்டும். சத்தம் அடியிலிருந்து ஏறி ஏறி வந்து ஒரு இடத்தில் "டண்" என்று வெண்கலம் போலப் பேசும். அந்த இடத்தில் எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் ஒரு சுற்று ஆசைப்பட்டால் தோல் கிழியும்.

அப்படிக் காய்ச்சிய தப்பு, மழை நாளில் அரை மணித்தியாலம் தாங்கினால் பெரிய காரியம். திரும்பவும் நெருப்புக்குப் போக வேண்டும். தொடக்கத்தில் இது எங்களுக்குத் தொந்தரவாகத்தான் பட்டது. டவுனில் இப்போது பைபர் முகம் போட்ட தப்புக் கிடைக்கிறது. மழையும் இல்லை வெயிலும் இல்லை, எடுத்த எடுப்பில் அடிக்கலாம். ஒன்று வாங்கினோம். அது வந்த கிழமை தொடர்ந்து அடித்தார்கள், அடித்தார்கள், அடித்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு பாட்டு வெளியே வரவில்லை.

அப்போதுதான் விளங்கியது. தப்புக்காரர்கள் நெருப்பைச் சுற்றிக் குந்தியிருக்கும் அந்தக் கால் மணித்தியாலத்தில்தான் பெண்கள் பாடுகிறார்கள். கும்மி வருகிறது, தாலாட்டு வருகிறது, கங்காணியைக் கேலி பண்ணும் பாட்டு வருகிறது. "இந்தப் பாட்டுக்கு அந்தக் காலத்துல எப்புடித் தாத்தா அடிப்பாங்க?" என்று ஒரு பிள்ளை கேட்கிறது. தாத்தா குச்சியால் தரையில் தட்டிக் காட்டுகிறார். தோல் கேட்கிற ஓய்வில்தான் எங்கள் இசையின் பாதி இருக்கிறது. பைபர் தப்பைச் சின்னப் பிள்ளைகள் பழகக் கொடுத்துவிட்டோம்.

மற்ற வழக்கங்கள் கொஞ்சம்தான். தப்பு நின்று அடிக்கும் கருவி, அதனால் அடிப்பவர்கள் வட்டமாக, முகம் முகம் பார்த்து நிற்பார்கள். பார்வையாளர் பக்கம் திரும்பி நின்று அடிப்பது இங்கே இல்லை. ஒரு நேரத்தில் ஒருவர்தான் எடுத்துக் கொடுப்பார். அடியை மாற்றுவதும் முடிப்பதும் அவர் பொறுப்பு. குச்சியை உயர்த்தினால் அடுத்த சுற்றோடு நிறுத்தம். புதிதாக வருபவர் பழகியவருக்கு இடப்பக்கம் நிற்க வேண்டும். நீளக் குச்சி பிடிக்கும் இடக்கையைத்தான் பார்த்துப் பழகுவது கஷ்டம், வலக்கைக் குட்டைக் குச்சி தானாக வந்துவிடும். குடித்துவிட்டு வந்தவரைப் போ என்று சொல்வதில்லை. உட்காரலாம், கேட்கலாம், தேத்தண்ணி உண்டு. குச்சி மட்டும் கிடையாது. தேயிலையும் சீனியும் வீட்டுக்கு ஒரு கிழமை என்று முறை. காசு வசூல் இல்லை. காசு சேர்ந்தால் பொருளாளர் வருவார், பொருளாளர் வந்தால் கட்சி வரும்.

நடத்துபவன் என்ற முறையில் என் வேலை என்ன என்று கேட்டால் சிரிப்பீர்கள். மிலாறு நனையாமல் அடுக்கி வைப்பது, சார்ஜ் லைட்டுக்கு சார்ஜ் போடுவது, மழை கொட்டினாலும் நேரத்துக்கு மடுவத்தில் போய் நிற்பது. மூன்றாவதுதான் முக்கியம். இரண்டு பேர் மட்டும் வந்த நாளும் உண்டு. இரண்டு பேரும் அடித்துவிட்டுத்தான் போனோம். "இருக்கோ இல்லையோ" என்ற சந்தேகம் ஒரு தரம் வந்துவிட்டால் அடுத்த கிழமை ஆள் வராது.

குச்சி யார் கையில்?

கோயில் வாசல் ஏன் கிடைக்கவில்லை என்று சொல்வதாகச் சொன்னேன் அல்லவா.

ஆள் கட்டிய கங்காணிமார் சனத்தைக் கப்பலேற்றியபோது சாதியையும் ஏற்றிக்கொண்டுதான் வந்தார்கள். விடியுமுன் பெரட்டுக்கு ஆள் எழுப்பத் தப்படித்தவர் யார், சாவு வீட்டுக்கு யாரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள், அவருக்குச் சாராயமும் வேட்டியும் கொடுத்தவர்கள் அவரைத் தங்கள் இஸ்தோப்பில் உட்கார விட்டார்களா என்பதெல்லாம் நம் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் "தோட்டத்துல சாதியெல்லாம் ஏதுங்க" என்போம். ஒரு தப்பை எடுத்து ஒரு பையன் கையில் கொடுத்துப் பாருங்கள், எல்லாம் வெளியே வரும்.

எங்கள் மடுவத்தில் இரண்டு பையன்கள் ஒரே நாளில் குச்சி பிடித்தார்கள். ஒருவனின் தாத்தா தப்புக்காரர். அவனுடைய அப்பா வந்து கையைப் பிடித்து இழுத்தார். "ஒங்க தாத்தாவோட போகட்டும்னுதான்டா நான் இத விட்டேன்" என்றார். மற்றவனின் அம்மா சத்தம் போட்டார்: "நாம தொடுற சாமானாடா அது?" ஒருவருக்குப் பட்ட அவமானம், இன்னொருவருக்கு வராத அவமானம் பற்றிய பயம். இரண்டும் ஒரே தோலில் ஒட்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் சாவுக்கு இனிப் பறை (நம் தப்புத்தான்) அடிக்க மாட்டோம் என்று குச்சியைப் போட்டவர்கள் இருக்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. எடுத்து அடித்துத்தான் இழிவைத் துடைப்போம் என்றவர்களும் இருக்கிறார்கள். திண்டுக்கல் சக்தி கலைக்குழு பெண்களின் கையில் பறையைக் கொடுத்தது. பறைக் கலைஞர் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். சந்தோஷம். ஆனால் மேடையில் அடிப்பவருக்கு விருதும், சாவு வீட்டில் அடிப்பவருக்கு வாசல்படியும் என்று பிரித்து வைத்தால் எதுவும் மாறிவிடாது. கைதட்டுவது சுலபம். கூட நின்று அடிப்பது வேறு.

அதனால் நாங்கள் ஒரே ஒரு விதியை மட்டும் இறுக்கமாக வைத்தோம். மடுவத்தில் குச்சி பிடிக்கிற எல்லாரும் சாவு வீட்டுக்கும் வர வேண்டும். இன்னாரை மட்டும் அனுப்புங்கள் என்று கேட்டால் யாரும் போகமாட்டோம். போனால் எல்லாரும் போவோம். கூலி இல்லை, சாராயம் இல்லை. பணிய லயத்தில் ஒரு பெரியவர் இறந்தபோது, வழக்கம் போல ஒரு வீட்டுக்கு மட்டும் ஆள் அனுப்பினார்கள். அந்த வீட்டுக்காரரோடு கணக்குப்பிள்ளை மகனும் பாடசாலை ஆசிரியர் ஒருவரும் ஆட்டோ ஓட்டுகிற தம்பியும் நானும் போய் நின்றோம். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். செத்தவரின் மனைவி எங்கள் எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கிளாஸில் தேத்தண்ணி கொடுக்கச் சொன்னார். அடுத்த ஞாயிறு மடுவத்தில் ஆள் குறைந்தது. சிலர் திரும்பி வரவே இல்லை. கையை இழுத்துப் போன அந்த அப்பா மட்டும், கொஞ்சக் காலம் கழித்து மகனோடு வந்து ஒரு ஓரமாக உட்கார்ந்தார். இப்போது மிலாறு கொண்டு வருவது அவர்தான்.

இதைக் கிழமைக்கிழமை கூடாமல் செய்திருக்க முடியாது. வருஷத்துக்கு ஒரு நாள் மேடையில் சமத்துவம் பேசிவிட்டு இறங்கிவிடலாம். ஒவ்வொரு ஞாயிறும் ஒரே நெருப்பில் கை காட்டி உட்கார்கிறவர்களுக்குத்தான் ஒருவரை ஒருவர் தவிர்க்க முடியாமல் போகிறது.

அப்பாயி பாடிய ஒப்பாரி

ஒருநாள் தப்பு நெருப்பில் இருந்தபோது மேட்டு லயத்து அப்பாயி ஒருவர் தன் புருஷன் மேல் பாடிய ஒப்பாரியை எடுத்தார். இரண்டு அடி போவதற்குள் ஒருவர் தடுத்தார்: "எழவு இல்லாத எடத்துல ஒப்பாரி வேணாம் அப்பாயி, ஆகாது."

அப்பாயி நிறுத்தவில்லை. முழுவதும் பாடி முடித்துவிட்டு வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "எழவு வீட்டுல பாடுறப்ப எவன்டா காதுல வாங்குறான்? அம்புட்டுப் பேரும் பொணத்தத்தான பாக்குறீங்க. இன்னைக்குத்தான் எம்பாட்டக் கேட்டீங்க."

அதற்குப் பிறகு ஒப்பாரிக்குத் தடை இல்லை. அந்தப் பாட்டில் என்னென்ன இருந்தது தெரியுமா! எந்த மலையில் எந்த வருஷம் பனி பெய்தது, எந்தத் தொரை பேர் வெட்டினான், பாஸ்போர்ட் வந்த அண்ணன் எந்த ஸ்டேஷனில் ரயில் ஏறினான். இதை எந்தத் தோட்டத்துக் கணக்குப் புத்தகத்திலும் எழுதவில்லை.

பெண் நடு இடத்தில் நின்று பாடுவது நம்மிடம் புதிது என்று நினைப்பவர்கள் மீனாட்சி அம்மையை நினைத்துக்கொள்ள வேண்டும். ஹட்டனை மையமாக வைத்துத் தொழிற்சங்கம் நடத்திய கோ. நடேசய்யரின் மனைவி. கூட்டங்களில் தானே எழுதிய பாட்டுகளைப் பாடியே சனத்தைத் திரட்டியவர். அந்தப் பாட்டுகளை 1940இல் புத்தகமாகவும் போட்டார். எல்லாருக்கும் தெரிந்த மெட்டில் எழுதினார். கேட்ட மறுநாள் மலையில் கொழுந்து எடுப்பவர்கள் பாடுவதற்கு அதுதான் வழி.

தொடங்க நினைப்பவர்களுக்கு

நல்ல தப்பு இரண்டு போதும். நன்றாக அடிக்கத் தெரிந்த வயசாளி ஒருவர் கட்டாயம் வேண்டும். அவரை வீட்டிலிருந்து அழைத்து வரவும் கொண்டுபோய் விடவும் ஒரு ஆள் வேண்டும். பெண்கள் தயங்காமல் வரக்கூடிய இடம் வேண்டும். அது இல்லாவிட்டால் மற்ற எதுவும் இருந்தும் பயனில்லை. பெயர்ப்பலகை, தலைவர், செயலாளர், திறப்பு விழா எதுவும் வேண்டாம். யாராவது வந்து ஸ்பொன்சர் பண்ணுகிறோம் என்றால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள். போட்டி வைக்காதீர்கள். போட்டி வைத்த அன்றே தோற்றவர்கள் நின்றுவிடுவார்கள்.

எங்களுக்கு அடுத்த பரீட்சை மாசியில் இருக்கிறது. மடுவத்தில் இப்போது எடுத்துக் கொடுப்பதில் நிதானமான கை ஒரு பெண் பிள்ளையுடையது. உயர்தரம் படிக்கிறாள். தூதன் அடியும் தெரியும், ரதி புலம்பலுக்கு எங்கே இறக்க வேண்டும் என்பதும் தெரியும். ஆனால் காமன் பொட்டலில் ரதி வேடத்தையே ஆண்தான் போடுவது வழக்கம், அங்கே ஒரு பெண் தப்போடு இறங்குவதா என்று பெரியவர்கள் யோசிக்கிறார்கள். விரதம், காப்பு, தீட்டு என்று பேச்சு நீள்கிறது. நான் அவர்களை அலட்சியமாகப் பேசமாட்டேன். ஆட்கள் போன பிறகும் கூத்தைக் கைவிடாமல் இதுவரை கொண்டு வந்தவர்கள் அவர்கள்தான்.

கம்பம் ஊன்றுவதற்கு முன் கோயிலில் கூட்டம் போடுவார்கள். அங்கே நான் எழுந்து கேட்கப்போவது இதுதான்: கொழும்பிலிருந்து ஒரு ராத்திரிக்கு வருகிறவனுக்குக் கொடுக்கிற குச்சியை, மழையிலும் பனியிலும் கிழமைக்கிழமை வந்து நின்றவளுக்குக் கொடுக்க என்ன தடை? அன்றைக்குக் கிடைக்காமல் போகலாம். கிடைக்காவிட்டால் அடுத்த ஞாயிறும் அவள்தான் எடுத்துக் கொடுப்பாள், அதற்கடுத்த ஞாயிறும். பெரியவர்களில் இரண்டு பேர் இப்போதே மடுவத்துக்கு வந்து போகிறார்கள். போன கிழமை ஒருவர், அவள் அடித்த இடத்தில் ஒரு சுற்றைத் திருத்திக் காட்டிவிட்டுப் போனார். வேண்டாம் என்று நினைக்கிறவர் திருத்தமாட்டார்.

இந்த ஞாயிறு கைக்காசு இருக்கிறது. லொறி போன பிறகு வாருங்கள். சீனி முறை எங்கள் வீட்டுடையது.